ஈயமும் இதயமும்: ஈயச்சொம்பிலிருந்து எலும்பு வரை

மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிட மருத்துவர் கேட்கும் கேள்விகள் நமக்கு மனப்பாடம். வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. ஈயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஈயம் என்றதும் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியோ பேட்டரித் தொழிற்சாலையோதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உலக அளவில் ஈயத்தால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி பெரியவர்களுடையது, அதுவும் இதய, இரத்தக்குழாய் நோய்களால். அமெரிக்க இதயச் சங்கம் 2023ல் வெளியிட்ட அறிவியல் அறிக்கை, ஈயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றையும் இதயநோய்க்கான அபாயக் காரணிகளாகவே பேசுகிறது.

சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் மாரடைப்பு விகிதம் அதிகம். அதில் பெரும்பங்கு நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் உடலுழைப்பு இல்லாத வாழ்க்கைக்கும் உரியது. ஈயம்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை, இந்தக் கட்டுரையும் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஈயம் வீட்டுக்குள் நுழையும் வழிகளில் சில தமிழ் வீடுகளுக்கே உரியவை. அவற்றை அடைக்கப் பெரிய செலவும் ஆகாது.

முதலில் எண்கள். இந்தப் பேச்சில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2018ல் வந்தது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் 1988 முதல் 1994 வரை இரத்தம் கொடுத்த 14,289 பெரியவர்களை 2011 வரை பின்தொடர்ந்தார்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 1 மைக்ரோகிராம் ஈயம் இருந்தவர்களோடு 6.7 இருந்தவர்களை ஒப்பிட்டால், எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 37 விழுக்காடு கூடுதல். இதய, இரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 70 விழுக்காடு கூடுதல். மாரடைப்பு வகை நோயால் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

அந்த 6.7 என்ற எண்ணைக் கவனியுங்கள். தொழிற்சாலைகளில் எச்சரிக்கை மணி அடிக்கும் 40, 50 எல்லாம் இல்லை. வயிற்றுவலியோ கைநடுக்கமோ தராத அளவு அது. இன்னொரு சங்கடமும் உண்டு. அபாயக் கோடு அடிமட்டத்தில்தான் செங்குத்தாக ஏறுகிறது. 1லிருந்து 5க்குப் போகும்போது கூடும் அபாயம், 21லிருந்து 25க்குப் போகும்போது கூடுவதைவிட அதிகம். ஆகவே "எல்லைக்குள்தான் இருக்கிறது" என்ற வார்த்தை இங்கே பெரிய ஆறுதல் தராது. உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் குறித்த 5 என்ற எல்லையும், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டு குழந்தைகளுக்குக் குறித்த 3.5ம், "இதற்கு மேல் போனால் மூலத்தைத் தேடு" என்பதற்கான கோடுகள். அதற்குக் கீழே பத்திரம் என்று அவை எங்கும் உறுதி தரவில்லை.

இந்த ஆய்வுகளுக்கு ஓட்டைகளும் உண்டு. ஒரே ஒரு முறை எடுத்த இரத்தத்தை வைத்து இருபது ஆண்டுக் கதையைக் கணிக்கிறார்கள். புகைப்பவர்களுக்கு ஈயம், காட்மியம் இரண்டும் கூடவே இருக்கும். ஏழைகள் வாழும் இடங்களில் ஈயமும் அதிகம், மற்றத் தொல்லைகளும் அதிகம். இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துவிட்டோம் என்கிறார்கள், ஆனால் முழுதாகக் கழிக்க யாராலும் முடியாது. அதனால்தான் உலக மதிப்பீடுகள் இவ்வளவு விலகி நிற்கின்றன. உலக நோய்ச்சுமை ஆய்வு 2021க்குச் சொல்லும் எண் ஏறத்தாழ 15 லட்சம் இறப்புகள். உலக வங்கி ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டு 2023ல் வெளியிட்டது 55 லட்சம். என் கணிப்பில், ஈயம் இதயத்தைக் கெடுக்கிறது என்பதில் சந்தேகம் தேவையில்லை. எவ்வளவு கெடுக்கிறது என்பதில்தான் சண்டை.

எப்படிக் கெடுக்கிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். உடலுக்கு ஈயம் கால்சியத்தைப் போலத் தோன்றுகிறது. கால்சியம் நுழையும் வாசல்களில் நுழைந்து, அது செய்யும் சமிக்ஞை வேலைகளைக் குழப்புகிறது. இரத்தக்குழாயின் உட்சுவரைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது. சிறுநீரகத்தை மெல்ல அரிக்கிறது, சிறுநீரகம் கெட்டால் இரத்த அழுத்தம் ஏறும். 2002ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி இரத்த ஈயம் இரண்டு மடங்கானால் மேல் அழுத்தம் சராசரியாக 1 புள்ளி ஏறுகிறது. ஒரு புள்ளிதானே என்று தோன்றும். ஒரு ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை. ஊர் முழுக்க ஒரு புள்ளி ஏறினால் பக்கவாதமும் மாரடைப்பும் எண்ணிக்கையில் தெரியும். தவிர, இறப்புக் கணக்கில் தெரியும் அபாயம் முழுவதையும் இரத்த அழுத்தம் ஒன்றால் விளக்கிவிட முடியவில்லை.

எலும்பில் கிடக்கும் பழைய பெட்ரோல்

உடலுக்குள் போன ஈயம் இரத்தத்தில் நீண்ட நாள் நிற்பதில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் குறைந்ததெல்லாம் சிறுநீரில் போய்விடவில்லை. கணிசமான பங்கு எலும்பில் போய் உட்காருகிறது. பெரியவர்களின் உடலில் உள்ள மொத்த ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில்தான். அங்கே அதன் அரை ஆயுள் பத்து முதல் முப்பது ஆண்டு. கால்சியம் கரையும்போதெல்லாம் அதுவும் கரைந்து இரத்தத்துக்குத் திரும்புகிறது. கர்ப்பம், பாலூட்டும் காலம், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும் ஆண்டுகள், எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் வாரங்கள், தைராய்டு மிகைச் சுரப்பு எல்லாமே எலும்பிலிருந்து ஈயத்தைக் கிளப்பிவிடும் காலங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த ஈயம் உயர்வது பல கணக்கெடுப்புகளில் தெரிகிறது. அவர்களுக்கு இதயநோய் அபாயம் ஏறும் வயதும் அதுவே.

இங்கேதான் நம் வயதுக் கணக்கு வருகிறது. இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது 1995ல். நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்றது 2000ல். சிங்கப்பூரில் ஈயத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 1998ல் ஈய பெட்ரோல் விற்பனையையே நிறுத்தினார்கள். உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021ல். ஆகவே சென்னையிலோ திருச்சியிலோ எழுபதுகளில் பேருந்துப் புகைக்கு நடுவே வளர்ந்து பிறகு சிங்கப்பூர் வந்தவர்களும், அதே காலத்தில் சிராங்கூன் சாலையோரம் வளர்ந்தவர்களும் அந்தப் பெட்ரோலின் ஒரு பங்கை இன்னும் எலும்பில் சுமக்கிறார்கள். 1990க்குப் பிறகு சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு இந்தச் சுமை குறைவு.

பழைய சுமையை ஒன்றும் செய்ய முடியாது. அதன் மேல் தினமும் புதிதாகச் சேர்வதை நிறுத்த முடியும்.

ஈயச்சொம்பு

ரசத்துக்கு ஈயச்சொம்புதான் என்று பிடிவாதமாக இருக்கும் வீடுகள் சிங்கப்பூரிலும் ஏராளம். அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியது. வெள்ளீயம் சமையலுக்குப் பெரிய தீங்கில்லாதது. ஆனால் அதன் விலை காரீயத்தைவிட, அதாவது இந்தக் கட்டுரை ஈயம் என்று சொல்லிவரும் நச்சு உலோகத்தைவிட, பல மடங்கு. இரண்டும் எளிதில் உருகும், எளிதில் கலக்கும், பார்வைக்கு ஒரே சாம்பல் வெள்ளை. கலப்படத்துக்கு இதைவிட வசதியான சோடி கிடைக்காது. சொம்பு புளித்தண்ணீரையும் தக்காளியையும் சூடாகத் தாங்குகிறது. காரீயத்தைக் கரைக்க அமிலமும் சூடும் போதும்.

கடைக்காரர் சொல்லும் சோதனைகளை நம்ப வேண்டாம். "அடுப்பில் காயவிட்டால் உருகிவிடும், அதனால் அசல்" என்பார்கள். தூய வெள்ளீயம் 232 பாகையில் உருகும், தூய காரீயம் 327 பாகையில். ஆனால் இரண்டையும் கலந்தால் உருகுநிலை இன்னும் கீழே, 183 பாகை வரை இறங்கும். சீக்கிரம் உருகுவது கலப்படத்துக்கும் அடையாளமாக இருக்கலாம். காகிதத்தில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பது நிறையக் காரீயம் இருந்தால் மட்டுமே உதவும்.

வீட்டிலேயே ஓரளவு நம்பிக்கையாகச் செய்யக்கூடியது அடர்த்திச் சோதனை. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு போதும். காய்ந்த சொம்பை எடை போடுங்கள். தராசின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூச்சியமாக்குங்கள். சொம்பை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் உலோகம் அடைத்துக்கொண்ட இடம், மில்லிலிட்டரில். எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

தூய வெள்ளீயத்துக்கு 7.3 வர வேண்டும். காரீயத்துக்கு 11.3. 500 கிராம் சொம்பு தூய வெள்ளீயமாக இருந்தால் தராசு 68 அல்லது 69 காட்டும். பத்தில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் 66. நாற்பது விழுக்காடு இருந்தால் 59. தவறு நேரும் இடங்கள் இரண்டு. கழுத்து விளிம்புக்குள் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் இடம் கூடுதலாகக் காட்டி, கெட்ட சொம்பு நல்லதுபோலத் தெரியும். சொம்பைத் தண்ணீருக்குள் சாய்த்து ஆட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். இரண்டாவது, ஒரு கிராம் பிழையே அடர்த்தியை 0.1 நகர்த்திவிடும். ஆகவே 7.6க்கு மேல் வந்தால் சொம்பை அடுக்களையிலிருந்து எடுத்துவிடலாம், சந்தேகமே வேண்டாம். 7.3 வந்தால் பெரிய கலப்படம் இல்லை, அவ்வளவுதான். ஒரு விழுக்காடு காரீயத்தை இந்தச் சோதனை பிடிக்காது, அந்த ஒரு விழுக்காடும் புளிரசத்துக்கு ஏற்றதல்ல.

அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ஆர்எஃப் கருவிதான் வழி. தங்கத்தின் தரம் பார்க்க நகைக்கடைகள் வைத்திருக்கும் அதே வகைக் கருவி. தங்கத்துக்கான நிரலில் காரீயம் பட்டியலிலேயே வராமல் போகலாம், பொது உலோக நிரலில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கருவி மேற்பரப்பை மட்டும் படிக்கும் என்பதால் உட்புறமும் அடியும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இணையத்தில் விற்கும் நிறமாறும் பஞ்சுக்குச்சிகள் மஞ்சள் கறையும் புளிக்கறையும் பட்ட பாத்திரத்தில் குழப்பும். அவை "இல்லை" என்று காட்டுவதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் ரசம் வைப்பதுதான் என் பதில். வாசனை கொஞ்சம் குறையும் என்பவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசுவதிலும் இதே சிக்கல். பூசுபவர் தூய வெள்ளீயக் கட்டிக்குப் பதில் பற்றவைக்கும் ஈயத்தை உருக்கினால் பாத்திரத்தின் உட்சுவர் முழுக்கக் காரீயம் கலந்துவிடும். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரங்களும் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. இண்டாலியம் என்று நாம் சொல்லும் கடாய் வகைகளில் சிலவற்றிலிருந்து உணவில் ஈயம் இறங்குவதை அமெரிக்காவில் கண்டுபிடித்து, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2025ல் எச்சரித்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கனமான வார்ப்பு அலுமினியக் கடாயில் புளிக்குழம்பு கொதிக்க வைப்பதை நிறுத்தினால் போதும். பலகாரம் பொரிப்பதில் அவ்வளவு கவலை இல்லை, எண்ணெய் உலோகத்தை அமிலம்போலக் கரைக்காது.

மஞ்சள்

விரலிமஞ்சளைப் பளபளப்பாக்க ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைப் பூசும் பழக்கம் வங்காளதேசத்தில் பெரிய அளவில் அம்பலமானது. 2019ல் அங்குள்ள சந்தை மாதிரிகளில் கிட்டத்தட்டப் பாதியில் அது இருந்தது. அரசு சோதனையும் அபராதமும் தீவிரமாக்கியதும் 2021ல் ஏறத்தாழ இல்லாமலே போனது. ஒழிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. 2024ல் வெளியான ஆய்வில் பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேலும் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2010ல், உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.3 மைக்ரோகிராம் ஈயம் தொடர்ந்து உள்ளே போனால் மேல் இரத்த அழுத்தம் 1 புள்ளி ஏறும் என்று கணித்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளைக்கு 80 மைக்ரோகிராம் அளவு. மஞ்சள்தூளில் இந்தியச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் கிராமுக்கு 10 மைக்ரோகிராம். நாளைக்கு 3 கிராம் மஞ்சள் சாப்பிட்டால் அந்த உச்சத்திலும் 30தான். ஆனால் 1,000 உள்ள மஞ்சளில் ஒரு சிட்டிகையே எல்லையைத் தாண்டிவிடும். சட்டத்துக்கு உட்பட்ட மஞ்சளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சட்டத்துக்கு வெளியே உள்ளதைப் பற்றித்தான் பயம்.

தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் காணொளிச் சோதனைகள் இதற்கு உதவாது. ஈயக் குரோமேட் தண்ணீரில் கரைவதில்லை. கிழங்காக வாங்கும்போது மெருகேற்றாத, மங்கலான, தோல் சொரசொரப்பான விரலியைத் தேர்ந்தெடுங்கள். மெருகேற்றியது தவிர வேறு கிடைக்கவில்லை என்றால் நன்றாகக் கழுவித் தோலைச் சீவிவிட்டு அரைப்பது ஓரளவு குறைக்கும், நிறமி வெளித்தோலில்தான் அதிகம். சிங்கப்பூரின் தேக்காவில் முறைப்படி இறக்குமதியான, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பொட்டலத்தை வாங்குவது, ஊர்ச் சந்தையிலிருந்து யாரோ மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டதைவிட மேல். உறவுக்காரர் அன்போடு கொடுத்தது என்பது ஈயத்துக்குத் தெரியாது.

மருந்துகள்

எனக்கு உண்மையில் கவலை தருவது இந்தப் பகுதி. பாதரசம் சேர்த்த ரச வகை, உலோகத்தைப் புடமிட்டுப் பொடியாக்கிய பஸ்ம, செந்தூர வகை மருந்துகளில் உலோகம் அசுத்தமாக வந்து சேர்வதில்லை. வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. ஆயுர்வேதத்தின் நாக பஸ்மம் ஈயத்திலிருந்து செய்வது. சித்த மருத்துவத்தில் ஈயத்தைக் கருவங்கம் என்பார்கள். அமெரிக்காவில் 2004ல் வெளியான ஆய்வில், பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. 2008ல் வெளியான ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளிலும் ஏறத்தாழ அதே விகிதம்.

சிங்கப்பூரில் இத்தகைய பாரம்பரிய மருந்துகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. விற்பவரே பொறுப்பு. ஈயத்துக்கான உச்சவரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது கிராமுக்கு 10 மைக்ரோகிராம். அரை கிராம் மாத்திரை நாளைக்கு நான்கு சாப்பிட்டால், வரம்புக்குள் இருந்தாலும் 20 மைக்ரோகிராம் உள்ளே போகும். ஒரு விழுக்காடு ஈயம் கலந்த பஸ்ம மாத்திரை என்றால் ஒன்றிலேயே 5,000. மஞ்சளும் சொம்பும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வெறும் வயிற்றில் உள்ளே போகும் ஈயத்தில் பாதிக்கு மேல் இரத்தத்தில் ஏறலாம். சாப்பாட்டோடு போனால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் மருந்துகளில் பலவும் காலையில் வெறும் வயிற்றில், தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்பவை. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தவர்கள் இன்னும் கூடுதலாக உறிஞ்சுவார்கள்.

சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தொகுதி எண்ணுக்கு உரிய கன உலோகச் சோதனை அறிக்கை. பொதுவான சான்றிதழைக் காட்டினால் போதாது. அறிக்கையில் தொகுதி எண், சோதித்த ஆய்வகத்தின் பெயர், ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் நான்குக்கும் தனித்தனி எண் இருக்க வேண்டும். "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் எந்த அளவுக்குக் கீழே என்றும் எழுதியிருக்க வேண்டும். முறையாகச் சுத்தி செய்த உலோகம் நச்சாகாது என்று வைத்தியர் சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் புட்டியையே கையோடு கொண்டுபோவது நல்லது. "ஆயுர்வேதம் சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மீதி மூலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுர்மா வகைக் கண்மையில் ஈயச் சல்பைடே முதன்மைப் பொருளாக இருப்பதுண்டு. ஆசியான் ஒப்பனைப் பொருள் விதிப்படி உச்சம் பத்து லட்சத்தில் 20 பங்கு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் பயமில்லை, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு சிவப்பில் இருப்பதைத் தவிருங்கள். பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுபவர்கள் ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்குவதை விட்டுவிட்டு, சிறு குறடு ஒன்று வைத்துக்கொள்ளலாம். உள்ளரங்கத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அடிக்கடி போகிறவர்கள் கைகழுவாமல் சாப்பிடக்கூடாது. குழாய்த் தண்ணீர் இங்கே பெரிய மூலமாகத் தெரியவில்லை. ஆனால் 2015ல் ஹாங்காங்கின் காய் சிங் குடியிருப்பில் குழாய் இணைப்புகளைப் பற்றவைத்த ஈயம் தண்ணீரில் இறங்கிய கதையை நினைத்தால், இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காமல் இருப்பதில் நட்டமில்லை.

கப்பல் பட்டறை

சிங்கப்பூரில் இன்றும் அதிகமான ஈயத்தைத் தொடக்கூடியவர்கள் துவாஸ், ஜூரோங் பக்கம் பழைய கப்பல்களிலும் இரும்புக் கட்டமைப்புகளிலும் வேலை செய்பவர்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. பழைய வண்ணப்பூச்சை மணல் வீசிச் சுரண்டும்போது தூசியாகவும், பூச்சோடு இரும்பை வாயுச்சுடரால் வெட்டும்போது புகையாகவும் ஈயம் வரும். இரண்டாவது மோசம், புகைத்துகள் நுரையீரலின் அடிவரை போகும். வெட்டும் கோட்டின் இரு பக்கமும் பூச்சை முதலில் நீக்கிவிட்டுத்தான் சுடர் வைக்க வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் எதற்கும் உதவாது.

தூசியைப் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் அல்லது நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சியால் எடுக்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தை வேலையிடத்தில் பிரிக்கக்கூடாது. கையில் தூசியோடு சிகரெட் பற்றவைப்பது ஈயத்தை வாய்க்குள் போடுவதற்குச் சமம். வேலை உடையைத் தங்கும்விடுதியில் மற்றவர் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. ஈயம் சார்ந்த வேலைகளுக்கு, நியமிக்கப்பட்ட வேலையிட மருத்துவரிடம் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்வது இங்கே சட்டம். செலவு முதலாளியுடையது. பரிசோதனை நடந்ததும் "ஓகே" என்ற வார்த்தையோடு திரும்பிவிடாமல் எண்ணைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. போன முறை 12, இந்த முறை 19 என்றால் சட்ட எல்லைக்குள்ளேயே இருந்தாலும் வேலை முறையில் ஏதோ சரியில்லை.

சோதனையும் அதன் பொருளும்

வழக்கமான உடற்பரிசோதனைத் தொகுப்புகளில் ஈயம் கிடையாது. சிங்கப்பூர் அரசின் நோய்த்தடுப்புத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் சேர்ந்த குடும்ப மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் தேவையில்லை. உலோக மருந்து சாப்பிட்டவர்கள், ஈய வேலையில் இருந்தவர்கள், கலப்படச் சொம்பில் ஆண்டுக்கணக்கில் சமைத்தவர்கள், மூன்று நான்கு மாத்திரை போட்டும் அடங்காத இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருப்பவர்கள் கேட்கலாம். கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்களுக்கு மேற்சொன்னதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கட்டாயம்.

சோதிக்க வேண்டியது முழு இரத்தம். ஈயத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு சிவப்பணுக்களில் இருப்பதால் சீரத்தில் சோதித்தால் எண் வீண். நரம்பிலிருந்து, உலோகச் சோதனைக்குரிய கருநீல மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். அறிக்கையில் அலகைப் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மைக்ரோமோலில் தரும். அதில் 1 என்பது டெசிலிட்டருக்கு 20.7 மைக்ரோகிராமுக்குச் சமம். 0.3 என்று பார்த்துக் குறைவு என்று நினைத்துவிடக்கூடாது, அது 6.2.

இந்த எண் கடைசி ஒன்றிரண்டு மாதத்தைத்தான் முக்கியமாகச் சொல்லும். நாற்பது ஆண்டாக எலும்பில் சேர்ந்ததை அளக்க வேறுவகைக் கருவி உண்டு, ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டும். ஆகவே இன்று 2 என்று வந்தால் இப்போது பெரிதாக எதுவும் உள்ளே போகவில்லை என்று பொருள். பழையது எவ்வளவு என்று அது சொல்லாது.

இனி, மருந்தை ஏற்றி ஈயத்தை வெளியே எடுத்துவிடுகிறோம் என்னும் கீலேஷன் சிகிச்சை. 2013ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், மாரடைப்பு வந்த 1,708 பேருக்கு இடிடிஏ மருந்தை நரம்பில் ஏற்றியபோது இதயச் சிக்கல்கள் 18 விழுக்காடு குறைந்தன, நீரிழிவுக்காரர்களிடம் 41 விழுக்காடு. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதே முறையை நீரிழிவும் மாரடைப்பும் உள்ளவர்களிடம் மீண்டும் செய்து 2024ல் வெளியிட்டார்கள். இரத்த ஈயம் 61 விழுக்காடு குறைந்தது. இதயச் சிக்கல்கள் மருந்து ஏற்றியவர்களுக்கு 35.6 விழுக்காடு, வெறும் திரவம் ஏற்றியவர்களுக்கு 35.7. ஒரு பயனும் இல்லை. அந்த நோயாளிகளின் தொடக்க ஈயமே 1க்கும் கீழ் என்பதால், 10, 15 உள்ளவர்களுக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை என்று வாதிடலாம். ஆனால் பல்லாயிரம் வெள்ளி கட்டி இதயத்துக்காக இதைச் செய்துகொள்ள இன்றைக்கு ஆதாரம் இல்லை.

இதில் ஆபத்தும் உண்டு. கால்சியம் சேர்த்த இடிடிஏவுக்குப் பதிலாகச் சோடியம் மட்டும் உள்ளதை வேகமாக ஏற்றினால் இரத்தக் கால்சியம் சரிந்து இதயமே நின்றுவிடலாம். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையே அப்படி இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதித்து "பாருங்கள், எவ்வளவு ஈயம்" என்று காட்டும் இடங்களிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் ஈயம் கூடும்.

செய்ய வேண்டியது மூலத்தை நிறுத்துவது, கால்சியமும் இரும்பும் குறையாமல் பார்ப்பது, எலும்புத் தேய்மானத்துக்கு உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் இருப்பது. இரத்த அழுத்தம், கொழுப்பு மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுவதும் இதில் சேரும். ஈயம் ஏற்றிய அபாயத்தையும் அவைதான் இறக்கும்.

மூலத்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் கொடுங்கள். 12ஆக இருந்தது 7க்கு இறங்கியிருந்தால் சரியான பொருளைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். அதன் பிறகு 5 பக்கம் வந்து ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றால் அது எலும்பு விடுவது, அதற்காக வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் 12 அப்படியே இருந்தால் மூலம் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. அடுக்களைக்கு அடுத்து மருந்துப்பெட்டியைத் திறந்து பாருங்கள், முக்கியமாக லேபிள் இல்லாத புட்டிகளை.